மகளைக் கேட்ட ஆண்டவர்

தேவகோட்டை வட்டாரத்தில் பல வீடுகளின் சாமி மாடத்தில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் உள்ளே செம்மண். போர்த்துகலிலிருந்து வந்து இங்கே வேதம் போதித்த சேசுசபைக் குரு புனித அருளானந்தர், ஓரியூரில் தலை வெட்டுண்ட இடத்தில் அள்ளியது. அவருடைய இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது தலைமுறை தலைமுறையாக எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் பூசுவார்கள். கத்தோலிக்கர் மட்டும் என்றில்லை, எல்லா மதத்து சனமும் அந்த மண்ணைத் தேடிப் போகிறது. வேண்டிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது கேட்கத்தான் போவார்கள். என்னிடம் ஆண்டவர் ஒன்றைக் கேட்டிருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் போனேன்.

என் மகள் நர்சிங் படிப்பை முடித்த கையோடு, "அம்மா, நான் கன்னியர் மடத்துல சேரணும்னு நெனைக்கிறேன்" என்றாள். ஒரே பிள்ளை. அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். செட்டியார் வீட்டு விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து கொடுத்துத்தான் நான் அவளைப் படிக்க வைத்தேன். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மணகோலம். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நல்ல வேலை, ஒரு நல்ல கல்யாணம், பேரப்பிள்ளை என்று மனத்தில் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரிசையில் மடம் இல்லை.

அவள் வயதுக்கு என் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் அவள் சொன்னாள்: "நீங்க மனசார அனுப்புனாத்தான் போவேன். வேண்டாம்னு சொன்னீங்கன்னா இங்கயே ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறேன். மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு உங்களை நோகடிக்க மாட்டேன்." அடம் பிடித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். முழுப் பாரத்தையும் இப்படி என் கையில் வைத்துவிட்டாள்.

அண்ணன் கொதித்துப் போனார். "ஒத்தப் பிள்ளைய அனுப்பிட்டு நாளைக்கு நீ விழுந்து கெடந்தா ஒரு வாய் தண்ணி குடுக்க யாரு இருக்கா? தாய் தகப்பனை மதிக்கணும்னு கட்டளையில இல்லையா?" அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் இல்லாவிட்டால் என் கணவர் போனபின் நாங்கள் தலையெடுத்திருக்க மாட்டோம்.

மதினி ஒரு வழி சொன்னார். திருவுளச் சீட்டு. "போகலாம்னு ஒண்ணு, போக வேணாம்னு ஒண்ணு எழுதி, ஓரியூர்ல அருளானந்தர் காலடியில வச்சு செபம் பண்ணு. ஒரு பச்சப்புள்ளைய விட்டு எடுக்கச் சொல்லு. எது வந்தாலும் ஆண்டவர் சித்தம்னு ஏத்துக்க." எங்கள் பக்கத்தில் இடம் வாங்குவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை இப்படிச் செய்கிற குடும்பங்கள் உண்டு. வேதாகமத்திலும் ஆதாரம் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வேதாகமத்தின் திருத்தூதர் பணிகள் நூலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்தச் சீட்டு விழுந்தது முதல் அதிகாரத்தில், தூய ஆவியார் இறங்கி வருவதற்கு முன்னால். இரண்டாம் அதிகாரத்தில் ஆவியார் வந்தபிறகு சீடர்கள் எங்கேயும் சீட்டுப் போடவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமில் பெரிய வழக்கு வருகிறது. கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், பேதுரு எழுந்து சொல்வதைக் கேட்கிறார்கள். கடைசியில் தூய ஆவியாரும் நாங்களும் சேர்ந்து தீர்மானித்தோம் என்று கடிதம் எழுதுகிறார்கள். அந்த 'நாங்களும்' எனக்கு முக்கியமாகப் பட்டது. மதினியின் விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டவர் என்னிடம் கேட்டதை ஒரு பச்சப்புள்ளையின் விரலில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சீட்டு எழுதாமலேயே ஓரியூருக்குக் கிளம்பினேன்.

புதன்கிழமையாகப் பார்த்துப் போனேன். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, அவர் வெட்டுண்ட நாள், திருநீற்றுப் புதன். தேவகோட்டையில் பஸ் ஏறித் திருவாடானை போய் அங்கிருந்து ஓரியூர். ஊரைத் தாண்டியதும் பெரிய கோட்டைவீடுகள் மறைந்து, கண்மாயும் சீமைக்கருவேலமும் வானம் பார்த்த வயலுமாகப் பூமி விரிந்துவிடும். வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன். பாதியில் எந்த மறைபொருள் என்பது விட்டுப்போகும், மறுபடி தொடங்குவேன்.

பாம்பாற்றுப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். மறவர் சீமை, கிழவன் சேதுபதி ராஜாவின் காலம். 1686இலேயே அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தச் சீமைக்குள் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். அவர் திரும்பி வந்தார். நோய் நீங்கி ஞானஸ்நானம் பெற்ற மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தக் கோபம் அருளானந்தரின் தலைமேல் வந்து முடிந்தது. முந்தின நாள் சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை. கரியை நீரில் கரைத்து எழுதினார்.

இதெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு அந்த மண்ணில் முழந்தாளிட்டபோது என் நினைவு முழுவதும் இன்னொருவர்மேல் இருந்தது. அவருடைய அம்மா.

அந்த அம்மாவும் விதவை. லிஸ்பன் நகரத்தில் பெரிய இடம், மகன் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்கிறவன். சிறுவயதில் அவனுக்குச் சாகக் கிடக்கிற நோய். பிழைத்தால் ஒரு வருடம் சேசுசபை அங்கி போட்டு வளர்க்கிறேன் என்று புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தான், அங்கியும் போட்டுவிட்டார். ஒரு வருடத்தோடு அது கழன்றுவிடும் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். மகன் 1662இல் சேசுசபையிலேயே சேர்ந்துவிட்டான். பிறகு இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அந்த அம்மா தடுத்தார். போப்பாண்டவரின் தூதுவர் வரைக்கும் போய் முறையிட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 1673இல் கப்பல் ஏறிவிட்டான்.

பல வருடம் கழித்து மகன் லிஸ்பனுக்குத் திரும்பி வந்தார். கூட விளையாடிய இளவரசர் இப்போது ராஜா. என் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இங்கேயே இரு என்று ராஜாவே கேட்கிறார். அம்மாவின் வீடும் அதே ஊரில். இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டு 1690இல் மறுபடி இந்தியா வந்து சேர்ந்தார். அதற்குப்பின் அந்த அம்மா மகனைப் பார்க்கவில்லை.

மகன் வெட்டுண்ட செய்தி லிஸ்பனுக்குப் போனபோது ராஜா நன்றி வழிபாடு நடத்தினார். அதற்கு அந்த அம்மா துக்கத்து உடை உடுத்தாமல், திருவிழாவுக்குப் போகிற உடையில் வந்து நின்றாராம். இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஓரியூரில் அன்று என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தூதுவரிடம் போய் அழுத தாய்க்கும், திருவிழா உடையில் நின்ற தாய்க்கும் நடுவில் இருபது வருடம் கிடக்கிறது. அந்த இருபது வருடத்தில் என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. "அம்மா, அதை எனக்குச் சொல்லுங்கள்" என்று அவரிடமே கேட்டு அழுதேன்.

திருப்பலி முடிந்து அங்கிருந்த ஃபாதர் ஒருவரிடம் பேசினேன். அவர் போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சேசுசபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுக் கால் ஒடிந்து படுத்திருந்த படைவீரர். படுக்கையில் இரண்டு விதமான கற்பனை அவருக்கு. வீரப் புகழும் அரண்மனைச் சீமாட்டியும் ஒன்று. புனிதர்களைப்போல் வாழ்வது மற்றது. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. நினைத்து முடித்தபின் முதலாவது அவரைச் சலிப்பில் விட்டது, இரண்டாவது நிறைவில் விட்டது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய மனமாற்றமே தொடங்கியது.

"அழுகை வருதா இல்லையான்னு பாக்காதீங்கம்மா, அழுகைக்கு அப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாருங்க" என்றார் ஃபாதர். இன்னொன்றும் சொன்னார்: மனம் இருண்டு கிடக்கும்போது எந்த முடிவையும் எடுக்கக் கூடாது, எடுத்த முடிவை மாற்றவும் கூடாது. இஞ்ஞாசியார் வகுத்த விதி அது. அண்ணன் போனில் சத்தம்போட்ட இரவுகளில் இந்த விதிதான் என்னைக் காப்பாற்றியது.

வீடு திரும்பி அப்படியே செய்தேன். சில நாள் காலையில் எழுந்ததும், 'அனுப்பப் போவதில்லை' என்று முடிவு செய்தவளாகவே அன்றைய பொழுதைக் கழிப்பேன். வேறு சில நாள், 'அனுப்பப் போகிறேன்' என்று. வேண்டாம் என்ற நாட்களில் காலையில் பெரிய ஆறுதல். மாப்பிள்ளை, பந்தல், சாப்பாடு எல்லாம் கண்ணில் ஓடும். சாயங்காலம் அடுப்பை அணைக்கும்போது அது வற்றிப் போயிருக்கும். எதையோ யாரிடமிருந்தோ ஒளித்துவைத்ததுபோல் இருக்கும். அனுப்புகிறேன் என்ற நாட்களில் மாவு பிசையும்போதே கண்ணீர் சொட்டும். ஆனால் இரவு செபம் சொல்லும்போது மனம் அசையாமல் நிற்கும். தூக்கமும் வரும். எனக்குக் கனவு வரவில்லை, குரல் கேட்கவில்லை, ஒரு வசனம் திறந்து என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப இது மட்டும்தான் நடந்தது. ஆண்டவர் பேசுகிற விதங்களில் இதுவும் ஒன்று என்று நான் இப்போது முழுமனதாக நம்புகிறேன்.

இந்தச் சமயத்தில் நான் பலகாரம் கொடுக்கும் வீட்டு ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது உண்டு. வாரிசு இல்லாத பங்காளி வீட்டுக்குத் தம் மகனைச் சுவீகாரம் கொடுப்பார்கள். ஆச்சியும் ஒரு மகனைக் கொடுத்தவர். அதைப் பற்றி அதுவரை என்னிடம் பேசியதில்லை.

"ஏத்தா, குடுத்த அன்னைக்கு வயிறு எரிஞ்சுச்சு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீட்டுல வெளக்கு எரியுதுல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ குடுக்குறது பங்காளி வீட்டுக்கா, சாமி வீட்டுக்கு" என்றார். அவர் என் வேதத்துக்காரர் இல்லை. அந்த லிஸ்பன் தாயிடம் நான் கேட்ட கேள்விக்கு அவர் வாய்வழியாகக் கொஞ்சம் பதில் கிடைத்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

நம்பிக்கை வைப்பது என்றால் விசாரிக்காமல் இருப்பது என்று நான் நினைக்கவில்லை. மடத்துக்கு நேரில் போய் மதர் சுப்பீரியரிடம் எல்லாம் கேட்டேன். எடுத்தவுடன் வார்த்தைப்பாடு, அதாவது துறவு உறுதிமொழி, கிடையாது. முதலில் தங்கிப் பார்க்கும் காலம். பிறகு நவசந்நியாசம் என்கிற பயிற்சிக்காலம், திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு, அது குறைந்தது 3 வருடம். அதற்கெல்லாம் பின்னால்தான் நிரந்தர வார்த்தைப்பாடு. நடுவில் தன் வழி இது இல்லை என்று தெரிந்தால் அவள் திரும்பி வரலாம், அவர்களும் அனுப்பலாம். நான் நோயில் விழுந்தால் அவளை விடுவீர்களா என்றும் கேட்டேன். அனுமதி கொடுத்து அனுப்புவோம், தாயைப் பார்ப்பதும் எங்களுக்குக் கட்டளைதான் என்றார். அண்ணனின் கேள்விக்கு அதைத்தான் பதிலாகக் கொண்டுபோய்ச் சொன்னேன். சிலுவையில் தொங்கும்போதும் இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே உயிர்விட்டார் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, மனம் தெளிவாக இருந்த நேரத்தில், மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "போயிட்டு வா" என்று சொல்ல வாய் எடுத்து, "போ தாயி" என்று முடித்தேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். சம்மதக் கடிதத்தை மறுநாள் பூசைக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு இனி பயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவள் கட்டில் காலியாகும். பண்டிகைக்கு வீடு எப்படி இருக்கும் என்று தெரியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஆண்டவர் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த அடி இது என்பது மட்டும் தெரிந்தது, வைத்துவிட்டேன்.

ஓரியூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிப்ரவரி முதல் வாரம் திருவிழாக் கூட்டம் இருக்கும், அமைதியாக உட்கார வேண்டுமென்றால் வேறு மாதம் போங்கள். கையில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கடுமை. வழிமாறிச் சருகணிக்கும் போக முடிந்தால், பிரான்சிலிருந்து வந்து இந்தச் சீமையிலேயே உழைத்து 1973இல் கண்மூடிய லெவே சாமியின் கல்லறையிலும் ஒரு செபம் சொல்லுங்கள். அவரையும் ஒரு தாய் கப்பல் ஏற்றி விட்டிருக்கிறாள். என் மகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். என் அண்ணனுக்காக இன்னும் அதிகமாக வேண்டிக்கொள்ளுங்கள். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மடத்திலிருந்து சாமான் பட்டியல் வந்திருக்கிறது. தட்டு, டம்ளர், இரண்டு போர்வை, குடை. பலகாரம் கொண்டுவரலாமா என்று போனில் கேட்டேன். அவளோடு சேருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் காணும்படி கொண்டுவாருங்கள் என்றார்கள். மணகோலத்துக்கு மாவு அரைத்தாயிற்று. நாளைக்குப் பாகு காய்ச்ச வேண்டும்.