சேர்வை இல்லை, சீர்வை

போன மாதம் என் சீனியர் வக்கீல் வீட்டிலிருந்து போன். அவருடைய மகன் பேசினார். "அக்கா, வக்கீல் புதுத்தெரு ஆபீஸைக் காலி பண்றோம். அப்பா புஸ்தகத்தை எல்லாம் எடைக்குப் போட மனசு வரல. உங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்கங்க." மறுநாள் ஒரு குட்டியானை பிடித்துக்கொண்டு போனேன். வண்டி கொள்ளுமளவு அள்ளி வரவேண்டும் என்றுதான் நினைப்பு. போய்ப் பார்த்தால் தீர்ப்புத் தொகுதிகளில் பாதியைக் கரையான் முடித்திருந்தது. மீதி எல்லாமே இப்போது போனில் கிடைக்கிறது. கடைசியில் நான் கொண்டுவந்தது நாலே நாலு தடிப் புத்தகம். குட்டியானைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலுக்கும் காக்கி அட்டை போட்டு, முதுகில் லேபிள் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் 'எச்.எம். சேர்வை' என்று எழுதியிருக்கும். எங்கள் குமாஸ்தா அண்ணன் கைவேலை. 1995-இல் நான் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் அவர் சீனியரிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தச் சேர்வை எந்த ஊரு சார்? சிவகங்கைப் பக்கமா?" சீனியர் சிரித்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. "இல்லப்பா, பம்பாய். பார்சிக்காரர். சேர்வை இல்லை, சீர்வை." அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் ஒட்டிய லேபிளை மாற்றவில்லை.

ஹோர்மஸ்ஜி மானெக்ஜி சீர்வை. சட்டக் கல்லூரியில் படிக்கும்போது எனக்கு அவர் வெறும் பெயர்தான். பரீட்சைக்கு டி.டி. பாசுவின் பாடப்புத்தகம் போதும். சீர்வை புத்தகம் நூலகத்தில் வீட்டுக்குத் தராத அலமாரியில் இருந்தது, நானும் கேட்டதில்லை. அவர் பேராசிரியரும் இல்லை. தொழில் செய்த வக்கீல். 1957 முதல் 1974 வரை, பதினேழு வருஷம், பம்பாய் மாநிலத்துக்கும் அது பிரிந்த பிறகு மகாராஷ்டிரத்துக்கும் அட்வகேட் ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வக்கீலாக, இருந்தார். பகலில் கோர்ட்டு, மீதி நேரத்தில் அரசியலமைப்புச் சட்டம் பற்றிய அந்தப் புத்தகம். முதல் பதிப்பு 1967-இல் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். மத்திய அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் பதவியையும் அப்படியே. நம் தொழிலில் நீதிபதிப் பட்டியலில் பேர் போயிருக்கிறது என்று வதந்தி கிளம்பினாலே அடுத்த வாரம் நடை மாறிப்போகும். சரி, அதை விடுவோம்.

சீனியர் இந்தப் புத்தகத்தைப் படித்தது பெரும்பாலும் ரயிலில்தான். 2004 ஜூலையில் மதுரை ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கும்வரை, ஒரு ரிட் போடவேண்டும் என்றாலும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போகவேண்டும். ஒரு தொகுதியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொள்வார். திண்டுக்கல் தாண்டும்வரை படிப்பு, அப்புறம் அதுவே தலைக்கு. மறுநாள் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்பார்.

சீர்வையின் பெயரை வக்கீல்கள் இன்றும் சொல்வது முக்கியமாக ஒரு தோல்விக்காக. கேசவானந்த பாரதி வழக்கு. நம் ஊர்க்காரர்களுக்கு ஆதீனம் என்றால் சட்டென்று பிடிபடும். அவரும் அப்படி ஒரு மடாதிபதி, காசர்கோடு பக்கம் எடநீர் மடம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் மடத்து நிலம் போகிறதே என்று 1970-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். நிலத்தகராறாக வந்தது, அரசியலமைப்பை நாடாளுமன்றம் எவ்வளவு தூரம் திருத்தலாம் என்ற கேள்வியாக வளர்ந்துவிட்டது. பதின்மூன்று நீதிபதிகள், 68 நாள் வாதம். மடாதிபதிக்காக நானி பல்கிவாலா, கேரள அரசுக்காக சீர்வை. இருவரும் பம்பாயில் ஜம்ஷெட்ஜி காங்காவின் சேம்பரில் தொழில் பழகியவர்கள். ஒரே சீனியரிடம் படித்த இரண்டு ஜூனியர்கள் எதிரெதிராக நிற்பது எங்கள் ஜில்லா கோர்ட்டில் தினம் நடப்பதுதான். ஆனால் இதில் பந்தயப் பொருள் பெரிது.

சீர்வையின் வாதம்: திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை கிடையாது. அரசியலமைப்பில் அப்படி ஓர் எல்லை எழுதப்படவில்லை. எழுதாததை நீதிபதிகள் படிக்கக்கூடாது. இதை அசட்டு வாதம் என்று நினைக்கவேண்டாம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் போட்டால், யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் குறுக்கே நிற்கலாமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த எனக்கு, முதல்முறை படித்தபோது சீர்வை பக்கம்தான் நியாயம் என்று பட்டது. 1973 ஏப்ரல் 24-இல் தீர்ப்பு. ஏழுக்கு ஆறு. திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில், அதாவது அதைத் தாங்கி நிற்கும் ஆதாரத் தூண்களில், கை வைக்கக்கூடாது என்றார்கள். சீர்வை தோற்றார்.

தோற்ற பிறகும் புத்தகத்தில் விடவில்லை. என்னிடம் வந்திருக்கும் பழைய பதிப்பில், அந்தப் பகுதியின் ஓரத்தில் சீனியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'தீர்ப்பு வந்தும் மனுஷன் இறங்கி வரவில்லை.' எழுத்து ரயில் ஆட்டத்தில் கோணியிருக்கிறது.

அப்புறம் நெருக்கடி நிலை. 1975 ஆகஸ்டில், பிரதமரின் தேர்தலைப் பற்றிக் கோர்ட்டு விசாரிக்கவே கூடாது என்று ஒரு திருத்தம், முப்பத்தொன்பதாவது. அதுவும் அந்தப் பிரதமரின் தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது. நவம்பரில் கோர்ட்டு அந்தப் பகுதியை ரத்து செய்தது. எதை வைத்து? எந்த அடிப்படைக் கட்டமைப்புக் கொள்கை கூடாது என்று சீர்வை அத்தனை நாள் வாதாடினாரோ, அதையே வைத்து.

பிந்தைய பதிப்பில் சீர்வை மாறிவிட்டார். எல்லை வேண்டும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்புதான் சரி என்று, தான் எதிர்த்த தீர்ப்பை ஏற்றுக்கொண்டு எழுதினார். காலையில் வாதிக்கும் மாலையில் பிரதிவாதிக்கும் பேசுகிறவர்கள்தான் நாங்கள், பக்கம் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. கோர்ட்டில் சொன்னதற்கு 'கட்சிக்காரருக்காகச் சொன்னேன்' என்று தப்பிக்கலாம். புத்தகத்தில் எழுதியதற்கு அந்தச் சாக்கு செல்லாது, அது சொந்தக் கருத்து. நாட்டிலுள்ள வக்கீல்கள் பாதிப் பேர் மேற்கோள் காட்டும் புத்தகத்தில், தன் பேரிலேயே, தன் கருத்தைத் திருத்தினார். அந்த ஓரத்தில் சீனியர் ஒரே சொல் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்: 'இறங்கிட்டார்.'

தன்னையே விடாதவர் நீதிபதிகளை விடுவாரா? 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலையில் ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டால், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். விசாரணையின்போது கன்னா கேட்டது: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல். இந்தத் தீர்ப்பைக் கண்டித்து 1978-இல் சீர்வை தனியாக ஒரு புத்தகமே போட்டார். தீமையே நீ எனக்கு நன்மையாகு என்று சாத்தான் சொன்னால் சாதாரண மனுஷருக்குப் புரியும், சட்டமின்மையே எங்கள் சட்டமாகு என்று அரசியலமைப்பு சொல்வதாக நாலு நீதிபதிகள் சொன்னால் திகைத்துத்தான் போவார்கள் என்ற பொருளில் எழுதினார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் முறைப்படி தள்ளியது 2017-இல். சீர்வை 1996-லேயே போய்விட்டார், குடியரசு தினத்துக்கு முதல் நாள்.

என் தொழிலில் பாதி ஆட்கொணர்வு மனு என்பதால் இந்தப் பக்கங்களை நான் கொஞ்சம் கூடுதலாகவே புரட்டுவேன். குண்டாஸ் என்று ஊரெல்லாம் சொல்கிற 1982-ஆம் வருஷச் சட்டத்தில் ஒருவரை விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம்வரை வைக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு கட்டு. மகனைப் பிடித்தபோது சிறையில் கொடுத்த ஆவணங்கள். "வக்கீலம்மா, இதுல என்ன எழுதியிருக்குனு பாருங்க." பார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நகலுக்கு நகல் எடுத்ததில் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு முத்திரையின் வளைவு மட்டும். என்ன குற்றம் என்று படிக்கவே முடியாத காகிதத்தைக் கொடுத்தால் அவன் எதை மறுத்து மனு எழுதுவான்? அந்த ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டித்தான் வாதாடினேன். உத்தரவு ரத்தானது. அந்த அம்மாவுக்கு சீர்வையைத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. யானைமலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறினார்.

இதெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் வேறு. 2008-இல் சட்ட மாணவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது கோர்ட்டு கேள்வி கேட்காதபடி சட்டங்களைப் போட்டு வைக்கும் பட்டியலில், சேர்ந்துவிட்டது, இனி எந்தக் கோர்ட்டும் தொட முடியாது என்று அடித்துச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "மேடம், போன வருஷம் கோயல்ஹோ தீர்ப்பு வந்திருக்கே?" நான் அதைச் சரியாகப் படித்திருக்கவில்லை. "அது வேற விஷயம், உட்காருப்பா" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். 2007 ஜனவரி 11, ஒன்பது நீதிபதிகள். கூடலூரில் ஜென்மம் என்ற பழைய உரிமையில் இருந்த நிலத்தில் தொடங்கிய நம் தமிழ்நாட்டு வழக்குதான். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் போட்ட எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்கிறது. பையன் சொன்னதுதான் சரி. சட்டம் ரத்தாகிவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் தொடவே முடியாது என்று நான் சொன்னது தப்பு. அடுத்த ஞாயிறு வகுப்பில் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பையன் இப்போது எங்கள் கிளையில்தான் வக்கீல், நரை கூட எட்டிப் பார்க்கிறது. புத்தகம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தம்பி, 2008-இல் ஒரு வகுப்புல உங்கள உட்காரச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? நீங்க சொன்னதுதான் சரி."

அவர் யோசித்தார். "எந்த வகுப்பு மேடம்?"

விளக்கினேன். அப்போதும் ஞாபகம் வரவில்லை. கேட்டது அவர்தானா என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்தச் சீர்வையில ஒரு வால்யூம் ரெண்டு நாளைக்குத் தர்றீங்களா மேடம், ஒரு கேஸ் இருக்கு" என்றார். பழையதா புதியதா என்று கேட்டேன். ரெண்டையும் கேட்டார். நேற்றுக் கொடுத்துவிட்டேன், லேபிளைக் கிழிக்கவேண்டாம் என்று சொல்லி.