துலக்கிய சவரக்கத்தியை நம்பாதீர்கள்

பழைய சவரக்கத்தியில் கறள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. பளபளவென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பஞ்சிகாவத்தைப் பக்கமோ, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலோ, பழைய வீடு காலிபண்ணும் ஏலத்திலோ ஒரு கத்தி வெளியே வந்தால், விற்கிறவர் அநேகமாக முதலில் அதை மோட்டர் பூட்டிய பொலிஷ் சில்லில் பிடித்துவிடுவார். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. சவரக்கத்திக்கு அது கொலை.

மடித்துத் திறக்கிற, அலகு முழுக்க உருக்கினாலான பழைய வகையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சலூன்களில் இப்போது பாவிக்கிற, பிளேட்டைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி வேறு. ஆனால் அதையும் ‘வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்’ என்று சொல்லி விலை பேசுவார்கள். திறந்து பார்த்தால் பிளேட் செருகும் பிளவு தெரியும். வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சில்லு ஏன் கெடுக்கிறது? உருக்கைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்திக் கடினமாக்கிய பிறகு, ஏறக்குறைய 200 பாகை சென்ரிகிரேட் அளவில் மீண்டும் சூடாக்கிப் பதம் போடுவார்கள். பிறகு எப்போதாவது அந்தச் சூட்டை நன்றாகத் தாண்டினால் உருக்கு மென்மையாகிவிடும். உள்வளைவாகக் கடைந்த அலகில் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, கடதாசி போல மெல்லியது. சூடு பரவ இடமில்லாததால் சில்லில் ஓரிரு நொடி அழுத்தினாலே போதும். ஊதா அல்லது நீலச் சாயல் தெரிந்தால் அந்த இடத்தில் கூர் நிற்கவே நிற்காது. சாயல் தெரியவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் முடியாது, அதையும் சேர்த்துத்தான் துலக்கியிருப்பார்கள்.

சில்லில் பிடித்த கத்தியைக் கழுத்தில் கண்டுபிடிக்கலாம். அலகுக்கும், பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலுக்கும் இடைப்பட்ட, கொம்பனி முத்திரை குத்திய பகுதிதான் கழுத்து. அங்கே எழுத்துகளின் ஓரம் கரைந்து, பள்ளம் ஆழமற்றுப் போயிருக்கும். கழுத்தின் விளிம்புகள் கூராக இருக்க வேண்டிய இடத்தில் உருண்டிருக்கும். அலகைச் சாய்த்து யன்னல் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கவிட்டால், நேராக ஓட வேண்டிய வெளிச்சக்கோடு அலையலையாக நெளியும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் எவ்வளவு பெரிய பெயர் குத்தியிருந்தாலும் வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பெயர்போன கொம்பனியான ஜோசப் ரொட்ஜர்ஸ் என்று வாசிக்கக் கிடைத்தால் கை தானாகப் பணப்பைக்குப் போகும். முதலில் கழுத்தைப் பாருங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை ஒரு வேர்னியர் கலிப்பரும், செட்டியார் தெருப் பொற்கொல்லர்கள் கண்ணில் வைப்பதைப் போன்ற 10 மடங்கு லென்சும், போனில் டோர்ச்சும்தான். முதலில் கலிப்பர். அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் பங்காகச் சொல்வது வழக்கம்: எட்டில் ஐந்து என்றால் கிட்டத்தட்ட 16 மில்லிமீற்றர், எட்டில் ஆறு 19, எட்டில் ஏழு 22. முதுகின் தடிப்பு இந்த அகலத்தில் ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்காக இருக்க வேண்டும். சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் முதுகும் வாயும் ஒன்றாகப் படியக் கிடத்தித்தான் தீட்டுகிறோம். ஆகவே வாயின் கோணத்தைத் தீர்மானிப்பது கை அல்ல, முதுகு. 16 மில்லிமீற்றர் அலகில் முதுகு 4.5 என்றால் கோணம் 16 பாகை, அது நல்ல இடம். தலைமுறைகளாகக் கல்லில் தேய்ந்து முதுகு 3.5க்கு இறங்கியிருந்தால் கோணம் பன்னிரண்டரைப் பாகைதான். அந்த வாய் கூராகும், ஆனால் முதல் சவரத்திலேயே பொடிந்துபோகும். மறுபக்கமாக, முதுகு 4.5 ஆகவே இருந்து அகலம் 12க்குத் தேய்ந்திருந்தால் 21 பாகையைத் தாண்டிவிடும். அது மயிரை வெட்டாது, இழுக்கும்.

முதுகின் இரு பக்கமும் கல் தேய்த்த தட்டையான பட்டை தெரியும். ஒரு மில்லிமீற்றர் அகலப் பட்டை இயல்பு. மூன்று, நான்கு என்று அகன்றிருந்தால், அல்லது ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மூன்றுமாக இருந்தால், யாரோ அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள். ஓரளவு தேய்வை மின்வேலைக்காரர் பாவிக்கும் பிளாஸ்டிக் ரேப்பை முதுகில் ஒட்டிச் சமாளிக்கலாம். ஒரு சுற்று பக்கத்துக்கு சுமார் 0.15 மில்லிமீற்றர். அந்த 3.5 மில்லிமீற்றர் முதுகுக்கு இரண்டு சுற்று ஒட்டினால் கோணம் பதினாலரைக்கு மேல் வரும். பாவிக்கலாம்.

அடுத்தது வாய். இதற்குக் கடைக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சம் போதாது. “நானா, வெளிய கொண்டுபோய் ஒருக்காப் பாக்கலாமா?” என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். வாயை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்து, மேலிருந்து டோர்ச் அடியுங்கள். நல்ல வாய் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, கறுப்புக் கோடாகத்தான் நிற்கும். எங்கெல்லாம் வெள்ளையாக மின்னுகிறதோ அங்கெல்லாம் வாய் மழுங்கியோ உடைந்தோ இருக்கிறது. மழுங்கல் ஒரு குறையே இல்லை, தீட்டினால் போய்விடும். அரை மில்லிமீற்றர் உடைவும் கல்லில் தேய்ந்து போகும், கொஞ்சம் அகலம்தான் செலவு. வெடிப்பு அப்படியல்ல. வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஏறும் கோட்டை லென்சில் தேடுங்கள். உள்வளைவு அலகென்றால் நகத்தால் வாயை மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். முழு அலகு ‘ணிங்’ என்று நீள ஒலிக்கும், வெடித்தது சட்டென்று அடங்கும். ஆப்பு வடிவில் தடித்த ஷெஃபீல்ட் அலகுகள் எப்படியும் ஒலிக்காது, அவற்றுக்கு லென்ஸ்தான்.

கறளில் இரண்டு வகை. செம்மண் நிறத்தில் மேலே படர்ந்திருப்பது எண்ணெய்க்கு வழிவிடும். கறுப்புப் புள்ளியாகக் குழி பறித்திருப்பது உருக்கையே தின்றிருக்கிறது. அலகின் நடுவில் குழி இருந்தால் அழகுதான் குறையும். வாயிலிருந்து மூன்று மில்லிமீற்றருக்குள் இருந்தால், தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய் விழும், அந்த இடத்தில் பல் பல்லாக உடையும். பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியை மறக்க வேண்டாம். அலகைப் பாதி திறந்து உள்ளே டோர்ச் அடித்து ஆணியைச் சுற்றிப் பாருங்கள். கொழும்பின் ஈரம் முதலில் குடியேறுவது அங்கேதான்.

இனி முத்திரை. இதில்தான் எல்லோருக்கும் ஆர்வம், ஏமாற்றமும் இதில்தான். ஷெஃபீல்ட் ரொட்ஜர்சின் அடையாளம் நட்சத்திரமும் மோல்ட்டா சிலுவையும். அதே ஊர் ஜோர்ஜ் வொஸ்டன்ஹோமுக்கு ஐ எக்ஸ் எல் என்ற எழுத்துகள். ஜெர்மனியின் கத்தி நகரமான சோலிங்கனின் ஹெங்கல்சுக்கு இரட்டையர் உருவம், 1731இல் பதிவுசெய்தது. போக்கர் கொம்பனிக்கு மரம். சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா, பிரான்சில் தியேர் என்ற ஊர்ப்பெயர்களும் கவனிக்க வேண்டியவை. ‘சோலிங்கன்’ என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு.

நாட்டின் பெயர் குத்தியில்லாவிட்டால் 1891க்கு முந்தியது என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கின்லி சுங்கச் சட்டம், அந்த நாட்டுக்குள் வரும் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, அதிலிருந்து வந்த கணக்கு அது. இலங்கைக்கு வந்த கத்தி அமெரிக்கச் சுங்கத்தைக் கடக்கவில்லை. அதனால் கொழும்பில் கிடைக்கும் கத்தியில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லை என்பதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. வடிவம் அதைவிட நேர்மையானது. வால் இல்லாமலோ குட்டையாகவோ இருந்தால் 18ஆம் நூற்றாண்டுப் பாணி. பிடி செலுலோயிட் என்றால் 1870களுக்கு முந்தியதாக இருக்காது, பிறகு மாற்றிய பிடியாக இல்லாதவரை.

பிடியைப் பொறுத்தவரை எருமைக் கொம்பு பாதுகாப்பான தெரிவு. காய்ந்து வளைந்திருக்கலாம், பூச்சி அரித்த குழி இருக்கலாம், அலகுக்குக் கேடில்லை. எலும்பில் சின்னக் கறுப்புக் கோடுகளாக நரம்புத் துளை தெரியும், தந்தத்தில் தெரியாது. தந்தத்தைப் போலச் செய்த செலுலோயிட்டில் வரிகள் அச்சடித்த மாதிரி ஒரே சீராக ஓடும். உண்மையான தந்தம் என்று சொன்னால் இன்னும் வேகமாக விலகுங்கள். யானைத் தந்த வணிகத்துக்குச் சட்டம் இடம் தராது. 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் அரசு தன்னிடமிருந்த தந்தங்களையே நொறுக்கியது. ஆமையோட்டுப் பிடிக்கும் இதே கதைதான்.

செலுலோயிட்டில் வேறொரு தொல்லை உண்டு. அது முதுமையடையும்போது அமில ஆவியை விடும். பிடி மூடியிருந்த அளவுக்கு மட்டும் அலகில் கறள் படிந்து, மீதிப் பகுதி சுத்தமாக இருந்தால் காரணம் அதுதான். கர்ப்பூர வாசனையோடு மேற்பரப்பு வியர்த்தது போலிருக்கும், வெடிப்பும் விழும். அதைக் காப்பாற்ற வழி கிடையாது. அலகு நல்லதென்றால் ஆணியை அராவி எடுத்துப் பிடியை எறியுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் பக்கத்துக் கத்திகளும் கறள் பிடிக்கும். தந்தமா பிளாஸ்டிக்கா என்று பார்க்க லைட்டரைக் கிட்டக் கொண்டுபோகும் பழக்கம் சிலருக்கு. செலுலோயிட் குப்பென்று பற்றும். விளையாட வேண்டாம்.

வாங்கி வந்த பின் 70 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் பிடி உட்பட முழுக்கத் துடையுங்கள். யாருடைய முகத்திலெல்லாம் ஓடியதோ தெரியாது, இரத்தத்தால் பரவும் நோய்க்கு இந்த எச்சரிக்கை தேவை. கொதிநீரில் போடாதீர்கள், கொம்பு வளைந்துவிடும். கறளுக்கு மெல்லிய எண்ணெய் பூசி ஓரிரவு வைத்து, மிக நுண்ணிய 0000 எஃகுப் பஞ்சால் தேயுங்கள். தேய்க்கும் திசை எப்போதும் முதுகிலிருந்து வாய்க்கு. நீளவாக்கில் போனால் விரல் போய்விடும். மீதிக்கு உலோகப் பொலிஷைத் துணியில் தொட்டுக் கையால் தேய்த்தால் போதும். அலகில் தங்க நீரால் எழுதிய எழுத்திருந்தால் பொலிஷ் அதைச் சில நிமிடத்தில் வழித்துவிடும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அரத்தாளுக்குப் போக வேண்டிய நிலை வந்தால், அந்தக் கத்தியை வாங்கியிருக்கவே கூடாது என்பது என் கட்சி.

தீட்டுவது தனிப் பதிவுக்குரியது. சுருக்கமாக, 1000 கிறிட் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) கல்லில் வாயின் சாய்வை முழு நீளத்துக்கும் ஒன்றாகக் கொண்டுவந்து, பிறகு 4000, 8000, 12000. முதல் கல்லில் அவசரப்பட்டால் பிறகு வரும் கற்கள் எதையும் திருத்தாது. சாய்வில் மார்க்கர் மையைப் பூசி நான்கு இழுப்பு இழுத்து, மை எங்கே மீதியிருக்கிறது என்று லென்சில் பார்த்தால் கல் எங்கே தொடவில்லை என்பது தெரிந்துவிடும். கடைசியில் தோல்பட்டியில் ஐம்பது, அறுபது தடவை, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர.

சேர்த்து வைப்பதுதான் கொழும்பில் பெரிய பாடு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோரத் தொடர்மாடி என்றால் உப்புக்காற்றும் சேரும். விரல் பட்ட அடையாளம் அலகில் கறளாக மாற ஓரிரவு போதும். தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்கிறவர்கள் அதிகம். போதாது. நாள்பட்டால் காறலடிக்கும். தையல் மெசினுக்கு விடும் கனிய எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். பழைய தோலுறையும் கடதாசிப் பெட்டியும் பார்க்க வடிவானவை, ஆனால் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைக்கும். அவற்றைத் தனியாக வையுங்கள். கத்திகளை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் அந்த ஜெல்லை ஓவனில் 120 பாகையில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். மே மாதம் தொடங்கும் மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். குளியலறை அலுமாரி மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவதென்றால் படம்தான் உங்கள் கலிப்பர். அலகின் இரு பக்கம், முதுகு மேலிருந்து, வாய் நேர்முகமாக, கழுத்து முத்திரை கிட்டத்தில், மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவே இறங்குகிறதா என்பது, முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் மில்லிமீற்றரில்: இவ்வளவும் கேளுங்கள். ‘சவரத்துக்குத் தயார்’ என்று எழுதியிருந்தால் எந்தக் கல்லில் முடித்தார் என்றும் கேளுங்கள். உறவினர் யாராவது லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ கொண்டுவருவதானால், ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும்.