தினமும் ஓடும் காரில் ஏர் சஸ்பென்ஷன் எவ்வளவு காலம் தாங்கும்?

சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத்தான். அப்படிப்பட்ட காரை வெகுகாலமாக அன்றாடம் ஓட்டி வருபவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது: முழு அமைப்புக்கும் சேர்த்து ஒரே ஆயுள் என்று எதுவும் கிடையாது. அதிலுள்ள ரப்பருக்கு ஓர் ஆயுள், அந்தப் பைகளுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸருக்கு வேறோர் ஆயுள். ரப்பர் தளர்வது இயற்கை. ஆனால் கம்ப்ரஸர் பழுதாவது பெரும்பாலும் அந்த ரப்பரில் உண்டான சிறு கசிவை யாரும் கவனிக்காமல் விட்டதால்தான்.

சாதாரணக் காரில் சுருள்வில் இருக்கும் இடத்தில், இந்த வகைக் காரில் நூலிழை சேர்த்து வலுவூட்டிய ரப்பர் பை ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பகுதி ஒரு பிஸ்டனின் மீது மடிந்து அமர்ந்திருக்கும். சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மடிப்பு பிஸ்டனின் பக்கவாட்டில் உருண்டு மேலும் கீழும் நகரும். மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகச் செலுத்தி, காற்றின் வழிகளைத் திறந்து மூடும் வால்வு பிளாக் மூலம் எந்தப் பைக்குத் தேவையோ அதற்கு அனுப்புகிறது. உயர சென்சார்கள் காரின் நிலையை அளந்து சொல்கின்றன. பின் இருக்கையில் மூவர் ஏறி, டிக்கியில் சுமை ஏற்றினாலும் கார் பின்பக்கம் தாழாமல் நிற்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்தத் தொழில்நுட்பத்தின் மீதுள்ள அவநம்பிக்கை புதியதல்ல. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோகாம் காரில் ஏர் சஸ்பென்ஷன் வந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற கார்களுக்கும் அதைக் கூடுதல் வசதியாக அளித்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள்வில்லைப் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனமும் விரைவிலேயே அந்த வசதியைக் கைவிட்டது. ஆனால் அதே 1950-களில் அமெரிக்க நெடுந்தூரப் பஸ்களில் ஏறிய ஏர் சஸ்பென்ஷன் பின்னர் இறங்கவே இல்லை. இன்றும் பஸ்களும் கனரக லாரிகளும் அதை நம்பித்தான் பல லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன.

ஒரே தத்துவம் ஓரிடத்தில் நிலைத்து, மற்றோரிடத்தில் தடுமாறியது ஏன் என்பதை யோசித்துப் பார்த்தால் கார் உரிமையாளருக்குத் தேவையான விடை கிடைத்துவிடும். பஸ்ஸின் கம்ப்ரஸர் எஞ்சினோடு இணைந்து ஓடுவது. பிரேக்குக்கும் காற்று தர வேண்டியிருப்பதால் தொடர்ந்து உழைக்கும்படியே அது கட்டப்பட்டிருக்கிறது. அதன் காற்றுப் பைகள் தடித்தவை. குறித்த காலத்தில் தொட்டிகளிலிருந்து நீரை வடித்து, குழாய் இணைப்புகளைச் சோதிப்பது அங்கே வழக்கமான பராமரிப்பு வேலை. காரில் இவை அனைத்தும் தலைகீழாக இருக்கின்றன. சாலையின் சிறு அதிர்வுகூட உள்ளே வரக்கூடாது என்பதற்காகப் பையின் ரப்பர் மெல்லியதாகச் செய்யப்படுகிறது. கம்ப்ரஸரோ சிறிது நேரம் ஓடி, நெடுநேரம் ஓய்ந்திருப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. பராமரிப்பு அட்டவணையில் காற்றுப் பையின் பெயர் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ரப்பரின் முதுமை மடிப்பில்தான் தொடங்குகிறது. வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கமாக்க, மடிப்புக்கும் பிஸ்டனுக்கும் இடையே புகுந்த மணலும் சேறும் அதை உராய்கின்றன. முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள், பிறகு நூலிழை தெரியும் அளவுக்குப் பிளவு, அதன்பின் கசிவு. பயணிகள் கார்களில் பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகளுக்குள்ளோ, 1 லட்சம் முதல் 1.5 லட்சம் கிலோமீட்டருக்குள்ளோ இந்தக் கட்டம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. காரை அன்றாடம் ஓட்டுவதே பையைத் தேய்த்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரில் மடிப்பு ஒரே இடத்தில் நிலைத்து, காற்று மெல்ல இறங்கி, ரப்பர் தாறுமாறாக நசுங்குகிறது. தினமும் உருளும் மடிப்புக்கு அந்தத் துன்பம் இல்லை.

கசிவு தொடங்கியபின் நடப்பதுதான் முக்கியமானது. இழந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது, சூடேறுகிறது, அதன் பிஸ்டன் வளையம் தேய்கிறது. தேய்ந்த வளையத்தால் அழுத்தம் ஏற நேரமாகிறது, அதனால் இன்னும் நெடுநேரம் ஓடுகிறது. இதோடு பலர் அறியாத இன்னொரு கேடும் சேர்கிறது. டிரையரிலுள்ள உறிஞ்சுமணிகள் ஈரத்தை வெளியேற்றித் தம்மைப் புதுப்பித்துக்கொள்வது, கார் தாழும்போது பையிலிருந்து திரும்பும் உலர்ந்த காற்று அவற்றின் வழியே வெளியே செல்வதால்தான். கிழிந்த பை வழியாகக் காற்று வெளியேறிவிட்டால் அந்தத் திரும்பும் ஓட்டம் குறைகிறது. உள்ளே வரும் ஈரம் மட்டும் பெருகுகிறது. ஈரம் நிறைந்த டிரையரைத் தாண்டிய காற்று வால்வு பிளாக்கில் நீரைப் படியவைக்கிறது. குளிர்ப் பகுதிகளில் அந்த நீர் உறைகிறது. மற்ற இடங்களில் வால்வுகள் அரிப்பெடுத்துச் சரியாக மூடாமல் தாமே கசியத் தொடங்குகின்றன. போதாக்குறைக்கு, கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே அடிக்கடி இயங்கியதால் அதன் முனைகள் சில சமயம் உருகி ஒட்டிக்கொள்ள, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகிவிடுகிறது. கம்ப்ரஸரை மாற்றும்போது ரிலேயையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று நல்ல மெக்கானிக்குகள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே கம்ப்ரஸரைக் காப்பாற்ற விரும்புபவர் பார்க்க வேண்டியது பையை. என் காரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் கேட்கும் கம்ப்ரஸர் ஒலி வழக்கத்தைவிட நீண்டு ஒலித்தது, அவ்வளவுதான். இரவில் நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, காலையில் எஞ்சினைத் தொடாமல் மறுபடி அளந்ததில் பின்பக்கம் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தது. சோப்பு நீரை மடிப்பின் மீது தெளித்ததும் ஓரிடத்தில் நுரை எழுந்தது. பின்பக்கப் பைகள் இரண்டையும் மாற்றினேன். காரோடு வந்த கம்ப்ரஸர் இன்றும் உழைக்கிறது.

இவ்வாறு அளப்பவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வெப்பநிலை இறங்கினாலே பைக்குள் இருக்கும் காற்றின் கனஅளவு ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கும். நான்கு மூலைகளும் ஒரே சீராகச் சற்றுத் தாழ்வது கசிவன்று. இரண்டாவதாக, சில கார்கள் நிறுத்தப்பட்ட பிறகும் அவ்வப்போது விழித்துத் தம் மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூலைகளையும் இறக்கிவிடும் வகைகளும் உண்டு. அங்கே டேப்பின் அளவு ஏமாற்றும், சோப்பு நீர்தான் நம்பகமான சாட்சி. உயர சென்சாரின் சிறு இணைப்புக் கம்பி துருப்பிடித்து முறிந்தாலும் ஒரு மூலை தாழக்கூடும் என்பதால், பையைக் குறை சொல்வதற்கு முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஜாக்கி வைக்கும் முன்பு, அதற்கென்று காரில் உள்ள ஜாக்கி நிலையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் சக்கரம் தொங்கும்போது அமைப்பு தானாகக் காற்றை ஏற்றவோ இறக்கவோ முயன்று மடிப்பைக் குலைத்துவிடும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் காரின் அடியில் எக்காரணம் கொண்டும் புகாதீர்கள். முழுவதும் இறங்கிய பையோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

தொல்லை வந்தவுடன் சுருள்வில்லுக்கு மாறிவிடலாம் என்ற யோசனையை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும் சுமை ஏறினால் மட்டம் காக்கும் திறன் அதோடு போய்விடும். எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனிக் கருவி தேவைப்படும். காற்றுப் பைக்கென்று ஒத்திசைத்த ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங்கும் பழைய இணக்கத்தோடு இருக்கமாட்டா. டயரைத் தேய்மானப் பொருளாக ஏற்று உரிய காலத்தில் மாற்றுவதைப் போலக் காற்றுப் பையையும் மாற்றிவிட முடிபவர்களுக்கு மூல அமைப்பே மேல். அந்தச் செலவுக்கு இடமில்லாதவர்கள் தொடக்கத்திலேயே சுருள்வில் உள்ள காரை வாங்குவது நல்லது.

பழைய காரை வாங்கச் செல்பவர்கள் சஸ்பென்ஷன் தொடர்பான பழுதுபார்ப்பு ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பைகளும் டிரையரும் மாறியிருந்தால் நல்லது. கம்ப்ரஸர் மட்டும் புதிதாகி, பைகள் காரோடு வந்தவையாகவே இருந்தால், முந்தையதைக் கொன்ற கசிவு இன்னும் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு. பைகளை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.