குருத்து தரும் மலைப்பனை: விதையிலிருந்து 14 மாதம்

பட்டாணி அளவு விதைகள், மேலே கறுத்த சதை காயாமல் ஒட்டியிருந்தது. பிரெஸ்டோயா அக்குமினாட்டா. மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், ஆண்டிஸ் சரிவுகள் என மேகம் படியும் மலைக்காடுகளில் வளரும் பனை. புவேர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே காட்டில் அந்தத் தீவுக்கே உரிய அரிய கிளிகள் இதன் பழத்தைத் தின்று வாழ்கின்றன.

இந்த விதை காய்ந்துவிட்டால் முளைக்காது. அதனால் அன்றைக்கே சதையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றி மாற்றி 2 நாள் ஊறவைத்தேன். அப்புறம் ஈரமான தென்னை நார்க்கழிவில் கலந்து, பைக்கு 10 விதையாக 2 பைகளில் போட்டு மூடினேன்.

ஒரு பையை, தாழ்நிலப் பனை விதைகளுக்குச் செய்து பழகியபடி, 32 டிகிரி சூட்டில் வைத்தேன். இன்னொன்றை 22 டிகிரி அறையில் தரையோரம் வைத்தேன். 7ஆம் வாரம் தரையோரப் பையில் முதல் வெள்ளை முளை! 3 மாதத்துக்குள் அதில் 7 முளைத்தன. சூட்டுப் பையில் 2 மட்டும். மற்றவை விரலால் அமுக்கியதும் நசுங்கிவிட்டன. 20 விதையை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் இனி நான் சூட்டுப் பக்கம் போகமாட்டேன்.

முதல் இலை மீன்வால் போல இரண்டாகப் பிளந்து வந்தது. அவ்வளவு அழகு. பிறகு நுனிகள் கருகத் தொடங்கின. குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்று பட்டது. மழைநீருக்கு மாறினேன், அடுத்து விரிந்த இலை சுத்தமாக இருந்தது. இரவிலும் வெப்பம் இறங்காத வாரங்களில் 4 கன்றுகள் போய்விட்டன. பகல் வெயிலை நிழல்வலை தடுக்கும். இரவுப் புழுக்கத்துக்கு அது உதவாது.

குருத்தைச் சாப்பிடுவாயா என்று கேட்கிறார்கள். பனைக்கு வளரும் நுனி தண்டின் உச்சியில் மட்டும்தான். அதை வெட்டினால் அந்தத் தண்டு முடிந்தது. ஈக்வடாரில் காட்டு மரங்களை இப்படி வெட்டித்தான் குருத்தை டப்பாவில் அடைத்தார்கள். அங்குள்ளவை தூரில் பக்கக்கன்று விடுவதால் ஒரு தண்டு போனாலும் தூர் பிழைக்கும். புவேர்ட்டோ ரிக்கோ மரங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தண்டு. என் விதைகள் ஈக்வடார் வகை. பக்கக்கன்று வந்து தூர் கட்டும்வரை கத்தி பக்கத்தில் வராது.

இப்போது 5 கன்றுகள் மிச்சம். உயரமானது 18 செ.மீ. வேர் தொட்டியின் அடித் துளையை எட்டிவிட்டது, அடுத்த வாரம் ஆழமான தொட்டிக்கு மாற்றுகிறேன்.