குருளையர் அணியும் எங்கள் வீடும்

ஜூன் 7
மகளின் குருளையர் அணியில் (சாரணர் இயக்கத்தில் சிறு வயதினருக்கான பிரிவு) இன்று பெற்றோர் கூட்டம். குழந்தைகள் 'அகேலா' என்று அழைக்கும் தலைவர் எங்களிடம் கேட்டது நேரத்தை மட்டும்தான். கணக்கு எழுத ஒருவர், கூடாரங்களைக் காயவைத்து மடிக்க இருவர், முதலுதவிப் பெட்டியைச் சரிபார்க்க ஒருவர். சாரணர் இயக்கம் உலகெங்கும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் தோளில்தான் நிற்கிறது. அவர்களும் வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களே.

எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையுடன் தனித்து இருக்கக் கூடாது என்ற விதியையும் விளக்கினார். இரண்டாவது பெரியவர் வராத நாளில் கூட்டத்தையே கைவிட வேண்டியிருக்குமாம். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயோ தந்தையோ எவ்வளவு பெரிய உதவி என்பது இதைக் கேட்ட பிறகுதான் பலருக்கும் புரிந்தது. கணக்குப் புத்தகத்தை என் மாமனார் வாங்கிக்கொண்டார். வருகைப் பதிவு என் பொறுப்பு.

ஜூன் 21
கயிற்றின் இரு முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சு கற்றுக்கொடுத்தார்கள். வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் அது வேறு முடிச்சாகி வழுக்கிக்கொண்டு போகும். மகள் இரவு வரை நாற்காலிக் காலில் கட்டிக் கட்டிப் பார்த்தாள். "சரியா?" என்று என் மாமனாரிடம் கேட்டாள். "இழுத்துப் பாரம்மா, கயிறே சொல்லும்" என்றார். நல்ல பதில்.

ஜூலை 19
குடும்ப முகாம். ஒரு காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. கூடாரக் கயிற்றை முளையில் கட்டிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். நாக்கைத் துருத்தியபடி, மெதுவாக, கிட்டத்தட்ட முடித்துவிட்டான். அவனுடைய அப்பா வந்து, "கொடு, நேரமாகிறது" என்று கயிற்றை வாங்கி நொடியில் கட்டிவிட்டார். முடிச்சு அருமையாக இருந்தது. பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அதன்பிறகு வெகுநேரம் எந்தக் கயிற்றையும் தொடவில்லை.

அந்தத் தந்தையிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அன்பு அங்கே செய்ய வேண்டிய வேலை வேறு. தண்ணீர் சுமக்கலாம், பாத்திரம் கழுவலாம், மழை வந்தால் சாமான்களை ஒதுக்கலாம். முளையும் கயிறும் குழந்தையுடையவை. கூடாரம் கோணலாக நின்றாலும் அவன் கட்டிய கூடாரமாக நிற்கட்டும். அகேலா யார் மனமும் நோகாமல், "சார், தண்ணீர்க் கேன் தூக்க ஒரு கை வேண்டும்" என்று அவரை அழைத்துப் போனார். சற்று நேரத்தில் தோழி ஒருத்தி வந்து அந்தப் பையனை அடுத்த கூடாரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆகஸ்ட் 2
இது சாரணர் இயக்கம் பிறந்த மாதம். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைச் சேர்த்து முதல் சோதனை முகாமை நடத்தினார். அங்கே அவருடைய அண்ணன் மகன் டொனால்டும் இருந்தான். வயது 9. 1910-ல் பெண்களுக்கான சாரணியர் இயக்கம் தொடங்கியபோது முன்னின்று நடத்தியவர் அவருடைய தங்கை ஆக்னஸ். 1912-ல் பேடன் பவல் மணந்த ஓலேவ், பின்னாளில் உலகச் சாரணியர் தலைவியானார். வீட்டார் கைகொடுப்பது இந்த இயக்கத்துக்குத் தொடக்கத்திலிருந்தே உள்ள பழக்கம். அந்த முதல் முகாமில் சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, அணித் தலைமையையும் சிறுவர்களிடமே விட்டார் பேடன் பவல். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆகஸ்ட் 9
முளையில் கயிறு கட்டிய அந்தப் பையனின் அப்பா இன்று கூடாரம் மடிக்கும் பட்டியலில் பெயர் எழுதினார். துணைத் தலைவர் பயிற்சிக்கு வர முடியுமா என்று அகேலா என்னைக் கேட்டார். சம்மதித்துவிட்டேன். மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: அணியில் இருக்கும்போது நானும் அவளுக்கு மற்றவர்களைப் போல ஒரு தலைவர்தான், அம்மா இல்லை.

ஒப்புக்கொண்டேன். பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது.