கங்கை டால்ஃபின் பதிவில் ஒரு போலி விசில்

கங்கை டால்ஃபின் விசிலடிக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். விசில் கிடைக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் விசில் போல நடித்த ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தேன், இப்போதைக்கு அந்தத் திருப்தி போதும்.

பட்னாவுக்கு எதிரே கண்டக் ஆறு கங்கையில் கலக்கும் பகுதியில், மோட்டார் இல்லாத துடுப்புப் படகிலிருந்து எடுத்த பதிவு இது. சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு ஒலியை அளக்கும் தடவை, 384 கிலோஹெர்ட்ஸ். அவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்த டால்ஃபினின் கிளிக் (மிகக் குறுகிய துடிப்பொலி) 60 கிலோஹெர்ட்ஸை ஒட்டித்தான் பலமாக இருக்கிறது. சாம்பிள் ரேட்டில் பாதிவரைதான் பதியும் என்பதால், 48-இல் ஓடும் சாதாரண ரெக்கார்டருக்கு 24-க்கு மேல் காதே கிடையாது. பார்வை அநேகமாக இல்லாத பிராணி, கலங்கல் தண்ணீரில் கிளிக்கின் எதிரொலியை நம்பித்தான் வழி தேடுகிறது, மீன் பிடிக்கிறது. அதனால் ஓயவே ஓயாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒலியைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் எஃப்.எஃப்.டி. விண்டோ, அதாவது ஒரே தடவையில் எடுத்து அலசும் சாம்பிள்களின் எண்ணிக்கை, 4096. ஓரிடத்தில் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அழகான கோடுகள், சம இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் சேர்ந்தாற்போல் மேல்நோக்கி வளைகின்றன. விசிலும் அதன் ஹார்மோனிக்ஸும் (மடங்கு அதிர்வெண்களும்) என்று யாரும் சத்தியம் செய்வார்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாலும் ஒரு ‘ம்ம்ம்’ சுருதி கேட்கிறது.

கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன், சுமார் 300 ஹெர்ட்ஸ். அங்கேதான் சந்தேகம் தட்டியது. 384-இல் 4096 என்றால் ஏறக்குறைய 10.7 மில்லிசெகண்ட். நொடிக்கு 300 கிளிக் வந்தால் ஒரே விண்டோவுக்குள் மூன்று கிளிக் விழும். மென்பொருளுக்கு அவை தனித்தனி என்று தெரியாது, 300-இன் மடங்குகளாகக் கோடு போட்டுக் காட்டிவிடும். கிளிக் வேகம் கூடக் கூடக் கோடும் ஏறும். விண்டோவை 512-க்கு இறக்கினேன். 1.3 மில்லிசெகண்ட், ஒன்றுக்கு மேல் உள்ளே நுழைய முடியாது. கோடுகள் மொத்தமும் காணாமல் போய், சீப்புப் பல் போல நெட்டுக்குத்தாகக் கம்பிகள்! அசல் விசிலாக இருந்தால் தடித்து மங்கியிருக்கும், ஆனால் படுத்த கோடாகவே நின்றிருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கியும் பார்த்தாயிற்று: துடிப்பு, வெறுமை, துடிப்பு, வெறுமை.

60-இல் இருக்கவேண்டிய கிளிக் கீழே எப்படி வந்தது? டால்ஃபின் படகுக்குக் கிட்டத்தில் வந்ததில், ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் திணறி, கிளிக்குக்குக் கிளிக் ஒரு ‘டப்’ சேர்த்துப் பதிந்திருக்கிறது. உச்சி வெட்டுப்பட்டிருப்பது அலைவடிவத்தில் பச்சையாகத் தெரிகிறது. விசில் என்று யார் படம் காட்டினாலும் விண்டோ எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் நான் நம்பமாட்டேன்.

ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் கேட்கும் மைக்) பற்றி: விளக்கெண்ணெய் நிரப்பியதுதான், எபாக்ஸியில் ஊற்றியதைவிடக் குமிழித் தொல்லை குறைவு. அதற்குள் ஒலியை மின்சாரமாக்கும் குழாய் வடிவ செராமிக் கேட்டால், பஸ்ஸரில் ஒட்டும் வட்டத் தகட்டை அனுப்பிவைத்த புண்ணியவான் ஒருவர் இருக்கிறார், திருப்பி வாங்கவும் மாட்டேன் என்கிறார். அப்புறம், பவர் பேங்கிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். அதன் இரைச்சல் நேர்கோடு நேர்கோடாகப் பதிகிறது. 9 வோல்ட் பேட்டரியே மேல்.

பிரேசிலில் விசில் தேடுபவர்களுக்கு வேறு தலைவலி. அமேசானில் ‘போட்டோ’ (boto) எனப்படும் இளஞ்சிவப்பு டால்ஃபினும், நன்றாக விசிலடிக்கும் டுகூஷி டால்ஃபினும் ஒரே தண்ணீரில் திரிகின்றன, அடித்தது யார் என்றே தெரியாது. பிரேசிலின் மொகஜூபா என்ற ஊர் மீன் சந்தைப் படித்துறையில், ஆட்கள் தரும் மீனுக்குப் பழகிய அரகுவாயா டால்ஃபின்களிடம் 237 வகை ஒலிகளைப் பிரித்து 2019-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் டால்ஃபின், கொடுத்து வைத்தவர்கள்.

எனக்கு அடுத்தது இரட்டை ஹைட்ரோஃபோன். மூங்கில் கம்பில் 1.5 மீட்டர் இடைவெளியில் கட்டினால், ஒலி வந்துசேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 1 மில்லிசெகண்ட். எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல அது போதும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க பிரீஆம்புக்குப் போடவேண்டிய கெயின் சுவிட்சே இன்னும் பாதியில் நிற்கிறது, அது தனிக் கதை. இரண்டு சானலும் ஒரே கடிகாரத்தில், 384-இல் ஓடுகிற சின்ன ரெக்கார்டர் யாராவது வைத்திருந்தால் எது என்று சொல்லுங்கள்.