அவசரப்பட்டு நுழைந்த மூன்றாவது சரணம்

அறுபதுகளின் இளைஞர் குழுக்கள் கரடுமுரடாக வாசித்த கராஜ் ராக் பாடல்களின் கவர் வடிவங்களை, அதாவது மற்றவர்கள் திரும்பப் பாடிய வடிவங்களை, அடுத்தடுத்து வைத்துக் கேட்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். கடந்த வாரம் முழுவதும் ‘லூயி லூயி’ என்ற ஒரே பாட்டிலேயே கழிந்தது. நூற்றுக்கணக்கான பேர் பதிவு செய்த பாட்டு அது. 1983இல் கலிஃபோர்னியாவின் ஒரு கல்லூரி வானொலி அறுபது மணி நேரத்துக்கும் மேலாக அதன் வெவ்வேறு வடிவங்களை மட்டுமே ஒலிபரப்பியது என்றால், இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு என்பது விளங்கும். நான் எடுத்துக்கொண்டது பத்து வடிவங்களை மட்டுமே.

பாட்டை எழுதியவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் பெரி. ரெனே டூஸே என்ற கியூபா இசைக்கலைஞரின் சா-சா நடன மெட்டு ஒன்றை மேடையில் கேட்டு, அதன் முகப்பில் வரும் சிறு தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் இதை எழுதினார். 1957இல் ஃபேரோஸ் குழுவோடு அவர் வெளியிட்ட முதல் பதிவைக் கேட்பவர்களுக்கு அதன் மென்மை வியப்பளிக்கும். பின்னாளில் கிட்டாரும் பியானோவும் அடித்து நொறுக்கப்போகும் அந்தத் தாளக்கட்டை இங்கே மனிதக் குரல்களே கீழ்ஸ்தாயியில் அசைச்சொற்களாகப் பாடிக்கொண்டிருக்கின்றன. மதுக்கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாலுமி, ஜமைக்காவில் தனக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லி, கிளம்பவேண்டும் என்கிறான், கதை அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள், தன் திருமணச் செலவுக்காகப் பெரி இதன் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். எண்பதுகளில் வழக்கறிஞர்களின் துணையோடு அவருக்கு உரிமையில் பங்கு திரும்பக் கிடைத்தது என்பதை அறிந்த பிறகுதான் இந்தப் பாட்டை என்னால் மன உறுத்தல் இல்லாமல் கேட்க முடிகிறது.

பாட்டு வடக்கே, பசிஃபிக் கரையோர நகரங்களின் நடன அரங்குகளுக்குப் போனபோது குணம் மாறியது. 1961இல் டக்கோமா நகரத்து வெய்லர்ஸ் குழுவோடு ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் பாடிய வடிவத்தில் மாலுமியின் ஏக்கம் பின்னுக்குப் போய், நடனக் கூட்டத்தை உசுப்பும் வேகம் முன்னுக்கு வந்துவிடுகிறது. கிட்டாரின் தனி வாசிப்புக்குச் சற்று முன்பு ராபர்ட்ஸ் எழுப்பும் கூச்சல்தான் இந்தப் பாட்டுக்குள் நுழைந்த முதல் கராஜ் ராக் அம்சம் என்று நான் நினைக்கிறேன். அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் பெரியைக் கேட்டுப் பாடவில்லை, ராபர்ட்ஸைக் கேட்டுத்தான் பாடினார்கள்.

அப்படிப் பாடியவர்களில் ஒரு குழுதான் போர்ட்லண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென். 1963 ஏப்ரலில், உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில், சுமார் 50 டாலர் செலவில், ஒரே டேக்கில் அவர்கள் பதிவு செய்தது பதிவுத் தொழிலின் எந்த அளவுகோலிலும் தேறாது. பாடகர் ஜாக் ஈலியின் பல்லில் கம்பி கட்டியிருந்தது; மைக்கோ தலைக்கு மேலே தொங்கியது; குதிகாலை உயர்த்தி, கழுத்தை அண்ணாந்து, வாத்தியங்களின் இரைச்சலை மீறி அவர் கத்தவேண்டியிருந்தது. சொற்கள் கரைந்துபோனதற்கு வேறு மர்மம் எதுவும் வேண்டாம். தாளமும் மாறிவிட்டது. வெய்லர்ஸ் இசைத்தட்டில் நான்கும் இரண்டுமாக விழுந்த அடியைத் தான் மூன்றும் இரண்டுமாக நினைவில் வைத்துக் குழுவினருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக ஈலியே பின்னாளில் கூறியிருக்கிறார். மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். நான்கு, இரண்டு என்று தட்டும்போது பாட்டு சீராக நடந்து போகிறது. மூன்று, இரண்டு என்று தட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காலை இழுத்துக்கொண்டு முன்னே சாய்கிறது. இன்று உலகம் ‘லூயி லூயி’ என்று அறிவது இந்தச் சாய்வைத்தான்.

நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது கிட்டார் தனி வாசிப்பு முடியும் இடத்துக்காக. மூன்றாவது சரணத்தை ஈலி அவசரப்பட்டுத் தொடங்கிவிட்டு, குழு இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்று உணர்ந்து சட்டென நிறுத்துகிறார். அந்த வெற்றிடத்தை ட்ரம்ஸ் ஒரு சிறு உருட்டலால் மூடுகிறது. அடுத்த சுற்றில் அவர் சரியான இடத்தில் மீண்டும் நுழைகிறார். இதை யாரும் திருத்தவில்லை. பின்னால் வந்த சில குழுக்கள் இந்தப் பிழையையே வேண்டுமென்று திரும்ப நிகழ்த்தியிருக்கின்றன. பாட்டுக்குள் ஒரு பிழை இப்படிச் சட்டமாகிப்போன வேறு சந்தர்ப்பம் எனக்குச் சட்டென நினைவுக்கு வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த இணையும் கிடையாது: அதே மாதத்தில், அதே ஸ்டூடியோவில், பால் ரெவியர் அண்ட் த ரைடர்ஸ் குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. மார்க் லிண்ட்ஸேயின் சாக்ஸஃபோனோடு தொடங்கும் அவர்களுடைய வடிவம் எல்லா வகையிலும் மேலான வாசிப்பு. குரல் தெளிவு, தாளம் உறுதி, குழு ஒன்றாக மூச்சுவிடுகிறது. கொலம்பியா போன்ற பெரிய நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் நியாயம்தான். ஆனாலும் கிங்ஸ்மென் இசைத்தட்டே அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. (முதலிடத்தில் இருந்துகொண்டு அதை மறித்த பாடல்களில் ஒன்று பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் பாடியது.) ரைடர்ஸைக் கேட்கும்போது பாராட்டத் தோன்றுகிறது, கிங்ஸ்மெனைக் கேட்கும்போது இப்போது எது கவிழுமோ என்ற பதற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பதற்றம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கிங்ஸ்மென் பதிவில் சொற்கள் விளங்காததால் வந்த வினை ஊரறிந்தது. அதில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற வதந்தி பரவ, 1964இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் விசாரணை தொடங்கியது, ஆய்வுக்கூடத்தில் இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டார்கள், கடைசியில் எந்த வேகத்திலும் எதுவும் விளங்கவில்லை என்று எழுதி முடித்தார்கள். பாடிய ஈலியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு ஸ்டூஜஸ் குழுவின் பாடகர் இக்கி பாப் அந்த வதந்தியை உண்மையாக்கினார். 1974இல் டெட்ராய்ட்டில், பார்வையாளர்கள் பாட்டில்களை வீசிக்கொண்டிருந்த மேடையில், தன் குழுவோடு இதைப் பாடும்போது அவர் போட்ட வரிகளை இங்கே எழுத இயலாது. கிங்ஸ்மெனில் எலக்ட்ரிக் பியானோ வாசித்த டான் கலூச்சிதான் ஸ்டூஜஸின் இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் என்பதால், இந்த வம்சாவளியில் ரத்த உறவே இருக்கிறது. 1981இல் பிளாக் ஃப்ளாக் குழுவும் சொற்களைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுப்பை நிரப்பியது. இக்கியின் வடிவத்தில் உள்ள ஆபத்து அதில் இல்லை என்பது என் கருத்து. கோபம் மட்டும் ஒரே உயரத்தில் நிற்கிறது. மோட்டர்ஹெட் 1978இல் வெளியிட்டது உரத்த வாசிப்பு என்றாலும் உள்ளுக்குள் பணிவானது. கிங்ஸ்மெனின் பியானோ வாசித்த தாளக்கட்டைக் கிட்டார் அப்படியே ஒப்பிக்கிறது. ஓட்டிஸ் ரெடிங்கின் வடிவத்தில் ஊதுவாத்தியங்கள் நன்றாக இருக்கின்றன, அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

வாரம் முழுவதிலும் நான் அதிகம் திரும்பிப் போனது ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ் குழுவிடம். ஜமைக்காவுக்குப் போகத் துடிக்கும் மாலுமியின் பாட்டைக் கரீபியப் பேச்சின் சாயலில் எழுதியவர் லாஸ் ஏஞ்சலிஸ்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் அது உண்மையாகவே ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. ரெகே தாளத்தில் ஐந்து நிமிடங்களுக்கும் மேலாக நீளும் அந்த வடிவத்தில் அவசரம் துளியும் இல்லை. மாலுமி வீட்டுக்கு வந்துவிட்டான்.

கடைசியாகப் பாடகி ஜூலி லண்டன். 1969இல் அவர் இதை மிக மெதுவாக, காதருகே சொல்வதுபோலப் பாடியிருக்கிறார். மாலுமி, கடல், காத்திருக்கும் பெண் என்று ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுகிறது. எஃப்.பி.ஐ. கோப்பை மூட அந்த ஒரு பதிவே போதுமாயிருந்திருக்கும். ஆனால் கோப்பு அதற்குள் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.